கம்பியும் காலும்

வயல்வெளிகளின் ஓரமாக நடந்து செல்லும் பழக்கமுடையவர்கள் பழுதுபட்ட கம்பி வேலிகளைப் பலமுறை கண்டிருப்பார்கள். ஆனால், அவை எந்த இடத்தில் பழுதுபட்டிருக்கின்றன என்பதைச் சற்றே நின்று கவனித்தவர்கள் சிலராகவே இருப்பர். இரண்டு கால்களுக்கு நடுவே, வெற்று வெளியில், கம்பி தானாக அற்றுக் கிடப்பது அபூர்வம். கம்பி காலைத் தொடுகிற அந்த ஒரு விரல் அகலத்தில்தான் ஆணி கழன்றிருக்கும், அல்லது மரம் பிளந்திருக்கும், அல்லது துருவேறிய கம்பி நூலாக மெலிந்து இற்றுப்போயிருக்கும். நல்ல கம்பியையும் நல்ல காலையும் விலை கொடுத்து வாங்கிவிடலாம். இரண்டும் சேருமிடத்தில் நிகழும் காரியத்தை அறிந்து செய்யாவிட்டால், வாங்கிய இரண்டும் வீணாகிவிடும்.

இதனை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தின் கீழ்வரப்பில் நானே முன்னின்று வேலி அடைத்தபோது, ஒவ்வொரு மரக்காலிலும் யூ ஆணியைச் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அறைந்து, கம்பி மரத்துக்குள் பதிந்து அமுங்கும்வரை இறக்கி, இனி இதனை எவராலும் அசைக்க இயலாது என்று திருப்தியடைந்தேன். ஒரு மழைக்காலம் கழிந்தது. அண்டைத் தோட்டத்துப் பசு ஒன்று எங்கள் சோளத்தட்டைக்கு ஆசைப்பட்டு ஒருமுறை சாய்ந்ததில், நான் அவ்வளவு அரும்பாடுபட்டு அறைந்த ஆணிகளின் அடியிலேயே, இரண்டு இடங்களில் கம்பி அறுந்தது. அதனைச் சரிசெய்ய வந்த வயோதிகர் அறுந்த முனைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கம்பிய இழுத்துக் கட்டலாமுங்க, இறுக்கிக் கட்டக் கூடாது" என்றார். இழுப்பது வேறு, இறுக்குவது வேறு என்ற அந்தச் சிறு பேதத்துக்குள் பௌதிகத்தின் பல விதிகள் அடங்கியிருக்கின்றன என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

முள்கம்பியின் சரித்திரமே ஒரு பிணைப்பின் சரித்திரந்தான். அமெரிக்காவின் மத்திய சமவெளிகளில் குடியேறிய உழவர்களுக்கு நிலம் ஏராளமாக இருந்தது. வேலிக்கு வேண்டிய மரமும் கல்லுமோ அரிதாக இருந்தன. வழவழப்பான வெறும் கம்பியைக் கட்டினாலோ மாடுகள் தயக்கமின்றி உந்தித் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தன. 1873-ஆம் ஆண்டில், இல்லினாய் மாநிலத்து டிகால்ப் என்னும் ஊரில் நடந்த விவசாயக் கண்காட்சியில், கூரிய முனைகள் பதித்த மரச்சட்டம் ஒன்றை ஹென்றி ரோஸ் என்பவர் வைத்திருக்க, அதனைக் கண்ட ஜோசப் கிளிடன் என்ற உழவர், முள்ளைக் கம்பியின்மீதே ஏற்றிவிடும் யுக்தியில் இறங்கினார். முள்ளைச் சுற்றுவது எளிது. சுற்றிய முள் கம்பியின்மேல் வழுக்கி ஓடாமலும் சுழலாமலும் ஒரே இடத்தில் நிற்கச் செய்வதுதான் சங்கடம். இரண்டாவது கம்பி ஒன்றை முதற்கம்பியோடு புரியாக முறுக்கி, அந்தப் புரிக்குள் முள்ளைச் சிறைப்படுத்தினார் கிளிடன். 1874 நவம்பர் 24-ஆம் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதன்மேல் எழுந்த வழக்குகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்று 1892-இல்தான் அவருக்குச் சாதகமாக முடிந்தன. இரட்டைப் புரியாலான அக்கம்பி ஒரு நீண்ட சுருள்வில்லைப் போலவும் சிறிது வேலை செய்தபடியால், குளிரில் சுருங்கும்போது ஒற்றைக் கம்பியைக் காட்டிலும் சற்றே விட்டுக்கொடுத்தது.

இனி, கம்பி மரக்காலைச் சேரும் இடத்துக்கு வருவோம். மரத்தில் அறைந்த ஆணியை எது பிடித்து வைத்திருக்கிறது? பசையுமில்லை, பூட்டுமில்லை. ஆணி நுழையும்போது மரநார்கள் சில அறுகின்றன. பல இருபுறமும் ஒதுங்கி வளைகின்றன. வளைந்த நார்கள் மீண்டும் தம் பழைய இடத்துக்கு வர முயன்று ஆணியின் உடலை ஓயாமல் நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தினால் பிறக்கும் உராய்வே ஆணியின் பிடிப்பு. ஆகவே, ஆணி எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவுக்குப் பிடிப்பு மிகும். மரத்தின் அடர்த்தியோ இதிலும் பெரிய காரணம்: அடர்த்தி இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதோடு நில்லாமல் ஐந்து மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. இலவங்கட்டையில் அறைந்த ஆணியைக் கையால் ஆட்டிப் பிடுங்கிவிடலாம் என்பதும், தேக்கில் அறைந்த ஆணிக்குக் கடப்பாரையே வேண்டியிருக்கிறது என்பதும் இந்த விதியின் பிரத்தியட்ச உதாரணங்கள்.

பச்சை மரத்தில் ஆணி சுலபமாக இறங்குகிறதென்று மகிழ்பவர்கள் இந்த உராய்வின் சுபாவத்தை மறந்தவர்கள். ஈரம் உலர உலர நார்கள் சுருங்கி, ஆணியை நெருக்கிய நெருக்கம் தளர்ந்து, ஓரிரு கோடைகளுக்குள் ஆணியைச் சுற்றி மயிரிழை போன்ற இடைவெளி ஏற்பட்டுவிடும். மழையில் ஊறி வெயிலில் காய்ந்து, மீண்டும் ஊறி மீண்டும் காயும் மரம், ஆணியைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. காய்ந்த கால்களையே நடவேண்டும், ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத ஆணிகளையே அறையவேண்டும், மென்மரமானால் இன்னும் நீண்டதையே தேடவேண்டும் என்று அநுபவசாலிகள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

யூ ஆணிக்கு இரண்டு கால்கள். கம்பி கிடையாக ஓடுவதால், ஒரு கால் கம்பிக்கு மேலும் மற்றொன்று கீழுமாக அமையவேண்டும். ஆனால் நட்ட மரத்தில் நார்களும் மேலிருந்து கீழாகவே ஓடுகின்றன! ஆணியை நேர்நிமிர்த்தி அறைந்தால் அதன் இரண்டு கால்களும் ஒரே நாரிழையின் வரிசையில் இறங்கி, விறகு பிளப்பவன் ஒரே கோட்டில் இரண்டு ஆப்புகளை வைத்து அடித்தாற்போல, மரத்தைப் பிளந்துவிடும். பிளந்த மரத்தில் நெருக்கமேது, பிடிப்பேது? எனவே ஆணியைச் சிறிது சாய்த்து, இரு கால்களும் வெவ்வேறு நாரிழைகளில் இறங்குமாறு அறைகிறார்கள். ஆணியின் முனைகள் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால், எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: சரியான பக்கம் சாய்த்தால் கால்கள் உள்ளே செல்லச் செல்ல எதிரெதிராக விரிந்து, மரத்துக்குள் கவைபோல ஊன்றிக்கொள்ளும், மாறிச் சாய்த்தால் ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து குறுகிவிடும்.

நிலத்தின் ஏற்ற இறக்கமும் இதிலே குறுக்கிடுகிறது. பள்ளத்தில் நிற்கும் காலைக் கம்பி மேல்நோக்கி இழுக்கிறது. அங்கே ஆணியின் முனை மேல்நோக்கிச் செல்லுமாறு அறைந்தால், கம்பியின் இழுப்பு ஆணியைப் பிடுங்குவதற்குப் பதிலாக உள்ளேதான் செலுத்தும். மேட்டில் நிற்கும் காலைக் கம்பி கீழே அழுத்துகிறபடியால், அங்கே முனை கீழ்நோக்க வேண்டும். கம்பியைக் காலின் எந்தப் பக்கத்தில் பொருத்துவது என்ற கேள்விக்கும் இதே நியாயம் விடை தருகிறது. மாடு எந்தப் பக்கத்திலிருந்து சாயுமோ அந்தப் பக்கத்தில் கம்பி இருந்தால், சாய்ந்த பாரத்தைக் காலே ஏற்றுக்கொள்ளும். மறுபக்கத்தில் இருந்தாலோ அத்தனை பாரமும் ஆணியின் தலையில் விழும். வேலி வளைந்து செல்லுமிடத்தில் கம்பி வளைவின் வெளிப்புறமாக ஓடவேண்டும் என்பதும் அப்படியே. கம்பி எப்பொழுதும் காலை அணைத்துக்கொண்டு இழுக்கவேண்டுமேயல்லாது, காலைவிட்டு ஓடுவதற்காக இழுக்கக் கூடாது.

இப்பொழுது வயோதிகரின் வாக்கியத்துக்குத் திரும்புவோம். ஆணியை முழுக்க அறைந்து கம்பியை இறுக்கினால் என்ன விபரீதம் நேரும்? கணக்கிட்டே பார்த்துவிடலாம். கம்பியின் விட்டம் 2.5 மில்லிமீட்டர், இரண்டு கால்களுக்கு இடையே 4 மீட்டர், பசு நடுவில் சாய்ந்து கம்பியை 10 சென்டிமீட்டர் தள்ளுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு பாதியும் 2 மீட்டர் அடியும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடைய செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பைதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு பார்த்தால், கம்பி மொத்தத்தில் நீளவேண்டியது 5 மில்லிமீட்டர்தான். அற்பமான அளவு! ஆனால், நீட்சிக்கு ஏற்றபடி எதிர்விசை வளரும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி எஃகுக்கும் பொருந்தும். எஃகோ நீள்வதற்கு எளிதில் சம்மதிக்கும் பதார்த்தமன்று. 4 மீட்டரில் 5 மில்லிமீட்டர் நீளவேண்டுமானால், ஏற்கெனவே கம்பியில் இருக்கும் இழுவிசையோடு சுமார் 125 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை கூடுதலாக எழுகிறது. மெல்லிரும்புக் கம்பியானால், மீண்டும் பழைய நீளத்துக்குச் சுருங்க இயலாத எல்லையை இதனாலேயே ஏறக்குறைய எட்டிவிடும். அறைந்த ஆணி அழுத்திக் காயப்படுத்திய இடம் இருந்தால் அங்கேயே அறுந்தும் போகும்.

இனி, ஆணிகள் கம்பியை இறுக்காமல் தாங்கி மட்டும் நிற்கின்றன என்று கொள்வோம். பசு சாய்ந்தவுடன் அக்கம்பக்கத்துப் பத்துக் கண்களில், அதாவது கால்களுக்கு இடைப்பட்ட பத்துப் பகுதிகளில், உள்ள கம்பியும் ஆணிகளின் ஊடே சிறிது சிறிதாக நழுவி வந்து உதவுகிறது. அதே 5 மில்லிமீட்டர் இப்பொழுது 40 மீட்டர்க் கம்பிக்குப் பங்கிடப்படுகிறது. உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், கூடுதல் இழுவிசை 125 கிலோகிராமிலிருந்து பன்னிரண்டரை கிலோகிராமாகக் குறைந்துவிடுகிறது. பசு பின்வாங்கியதும் கம்பி நழுவித் தன் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. ஒருவன் தலையில் வைத்தால் கழுத்தொடியும் மூட்டையைப் பத்துப்பேர் தூக்கிச் செல்வதில் ஆச்சரியமென்ன? எனது வேலியில் நான் செய்த காரியம், அந்தப் பத்துப்பேரின் கைகளையும் ஆணியடித்துக் கட்டிப்போட்டதுதான்.

உஷ்ணமும் கம்பியை ஓயவிடுவதில்லை. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு பாகை சென்டிகிரேடுக்கு, 0.012 மில்லிமீட்டர் விரிகிறது. விடியற்காலத்துக் குளிர்ச்சிக்கும் உச்சிவெயிலில் காய்ந்த கம்பியின் சூட்டுக்கும் 30 பாகை வித்தியாசமென்றால், 100 மீட்டர்க் கம்பி நாள்தோறும் 36 மில்லிமீட்டர் விரிந்து சுருங்க முயல்கிறது. கடைக்கால்கள் அசையாதிருந்தால், இதனால் ஏற்படும் இழுவிசை மாறுதல் ஏறக்குறைய 35 கிலோகிராம். வேலியின் ஒரு பாதி மரநிழலிலும் மறுபாதி வெயிலிலும் இருக்க நேர்ந்தால், வெயிற்பகுதி தொய்ய, நிழற்பகுதி விறைக்க, கம்பி இடையிலுள்ள ஆணிகளின் வழியே நழுவித்தான் சமநிலை அடையவேண்டும். நண்பகலில் தொய்ந்திருக்கிறதே என்று அளவுக்கு மீறி முறுக்கிக் கட்டியவன், மார்கழி விடியலில் அதே கம்பி வீணைத் தந்திபோல் விறைத்திருக்கக் காண்பான்.

தொய்வே இல்லாத கம்பி என்பது உலகத்தில் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தன் எடையால் எந்தக் கம்பியும் சிறிதாவது தாழும். அதனை முற்றும் நேராக்க வேண்டுமானால் எல்லையற்ற விசை வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட கம்பி மீட்டருக்குச் சுமார் 39 கிராம் எடையுள்ளது. 4 மீட்டர்க் கண்ணில் 5 கிலோகிராம் இழுவிசையோடு கட்டினால் 15 மில்லிமீட்டருக்கு மேல் தொய்யும். 100 கிலோகிராம் கொடுத்தால் தொய்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும். அதற்குமேல் கொடுக்கும் விசையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நேர்மைக்காகக் கடைக்கால்களை வருத்துவதாகவே முடியும்.

அந்தக் கடைக்கால்களின் கடமை தனி. ஐந்து கம்பிகள், ஒவ்வொன்றிலும் 100 கிலோகிராம். ஆக அரை டன் பாரம் மூலைக்காலை இரவும் பகலும் ஒரே திசையில் சாய்க்க முயல்கிறது. இடைக்கால்கள் கம்பியைத் தாங்கினால் போதும். மூலைக்கால் அதனைக் கட்டிப்பிடித்தாக வேண்டும். ஆதலால் இங்கு மட்டும் கம்பியைக் காலைச் சுற்றிக் கொண்டுவந்து, அதன் முனையைத் தன் உடலிலேயே நெருக்கமாகச் சுற்றி முடிக்கிறார்கள். காலுக்கு உதைகால் கொடுக்கிறார்கள். இடையில் நெகிழ்வும் கடையில் உறுதியும் என்ற இந்தப் பிரிவினையை மாற்றிச் செய்தவர்களின் வேலியே நடுவில் அறுந்தும் மூலையில் சாய்ந்தும் கிடக்கிறது.

இரும்புக்காலின் கதை வேறு. இரும்பில் நார்களில்லை, ஆணியை நெருக்கிப் பிடிக்கும் உராய்வுமில்லை. மரம் கம்பியைத் தனக்குள் வாங்கிப் பிடிக்கிறது. இரும்பை வெளியிலிருந்துதான் தழுவவேண்டும். ஆங்கிலத்து 'டி' எழுத்தைப் போன்ற குறுக்குவெட்டுடைய கால்களில், முகப்பில் வரிசையாகச் சிறு புடைப்புகள் இருக்கும். கம்பி அவற்றுக்கிடையே அமர்ந்து மேலும் கீழும் நகராதிருக்க, வளைந்த கம்பிக் கிளிப் ஒன்று காலின் முதுகைச் சுற்றிவந்து இருபுறமும் கம்பியைக் கொக்கிபோட்டுப் பிடிக்கும். நம் பக்கத்தில் மிகுதியாகப் புழங்கும் ஆங்கிள் கால்களில் துளைகள் இடப்பட்டிருக்கின்றன. அத்துளைக்குள் வேலிக்கம்பியையே நுழைத்துவிட்டால் வேலை எளிதென்று தோன்றும். ஆனால் நாளெல்லாம் விரிந்து சுருங்கும் கம்பி, துளையின் கூரிய விளிம்பில் உராய்ந்து தன் பூச்சை இழந்துவிடும். துளையில் கட்டுக்கம்பியைக் கோத்து, அதனால் வேலிக்கம்பியை அணைத்து, முனைகளை இரண்டு மூன்று சுற்று மட்டும் முறுக்கி விடுவதே முறை. குறட்டால் மேலும் மேலும் முறுக்கினால் கட்டு பலப்படும் என்பது பிரமை. வளைத்து முறுக்கப்பட்ட உலோகம் கடினப்பட்டுக்கொண்டே போய், கடைசிச் சுற்றில் 'பட்' என்று ஒடியும். ஒடியாமல் தப்பினால் அடுத்த காற்றடிகாலத்தில் ஒடியும்.

கட்டுக்கம்பி எந்த உலோகம் என்பதும் அலட்சியத்துக்குரிய விஷயமன்று. வேலிக்கம்பியின்மேல் பூசியிருப்பது துத்தநாகம். உருக்கிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்கு 1837-இல் பிரான்சு தேசத்தில் ஸ்டானிஸ்லாஸ் சொரெல் காப்புரிமை பெற்றார். இந்தப் பூச்சு சாயத்தைப்போல வெறும் போர்வையன்று. ஹைட்ரஜனை ஒப்புநோக்கி அளந்தால், துத்தநாகத்தின் மின்னழுத்தம் −0.76 வோல்ட், இரும்பினுடையது −0.44 வோல்ட். ஈரத்தில் இரண்டும் சேர்ந்திருக்கும்போது துத்தநாகமே முதலில் கரைகிறது. ஆகவே, பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டாலும், சுற்றியுள்ள துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. கட்டட வேலையில் மீந்த கறுப்புக் கட்டுக்கம்பியால் வேலியைக் கட்டினால், பூச்சற்ற அந்தக் கம்பி துருப்பிடிப்பதோடு, தன்னைக் காப்பாற்றும் பொறுப்பையும் அண்டையிலுள்ள துத்தநாகத்தின் தலையில் சுமத்துகிறது.

வீட்டில் கிடந்த பழைய மின்கம்பியின் செம்பை எடுத்துக் கட்டுவோரும் உளர். பளபளப்பும் வளைந்துகொடுக்கும் குணமும் கண்டு மயங்கிச் செய்கிற காரியம் அது. செம்பின் மின்னழுத்தம் +0.34 வோல்ட். 1836-இல் டேனியல் என்னும் இரசாயன அறிஞர் துத்தநாகத்தையும் செம்பையும் எதிரெதிரே நிறுத்தித்தான் தமது மின்கலத்தை அமைத்தார், 1.1 வோல்ட் தந்த அக்கலத்தில் கரைந்துகொண்டிருந்தது துத்தநாகம். செம்பால் கட்டிய ஒவ்வொரு முடிச்சின்மேலும் மழைத்துளி நிற்கும்போதெல்லாம், வேண்டாத மின்கலம் ஒன்று உயிர்பெற்று, வேலியின் ஆயுளை அந்த இடத்தில் அரித்துத் தின்கிறது.

மரக்கால், இரும்புக்கால் என்ற இரண்டோடு, உயிருள்ள மரத்தையே காலாகக் கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. கொங்கு நாட்டின் கிளுவை வேலியும் யாழ்ப்பாணத்தின் கதியால் வேலியும் பெயர்பெற்றவை. வளரும் மரத்தில் அறைந்த ஆணி ஆண்டுதோறும் மேலே ஏறுமென்று பலர் நம்புகிறார்கள். மரம் உயர்வது அதன் நுனிகளில் மட்டுமே. ஆதலால் ஒரு மீட்டர் உயரத்தில் அறைந்த ஆணி என்றைக்கும் அந்த உயரத்திலேயே இருக்கும். ஆனால் தண்டு பருக்கிறது. பருக்கும் தண்டு ஆணியையும் கம்பியையும் மெல்ல விழுங்கிவிடுகிறது. விழுங்கப்பட்ட கம்பி பின்பு நழுவுவதெங்கே? கம்பியைத் தண்டைச் சுற்றிக் கட்டினாலோ, பட்டையின் உட்புறத்தில் உணவு இறங்கும் பாதை நெரிபட்டு மரமே நலிந்துவிடும். ஆகையால் தண்டின்மேல் ஒரு ரீப்பர் சட்டத்தை அறைந்து, அச்சட்டத்தில் கம்பியைப் பொருத்துவது மரத்துக்கும் வேலிக்கும் நன்மை.

மின்னல் விஷயத்திலும் இருவகைக் கால்களுக்கும் பேதமுண்டு. காய்ந்த மரம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. முழுவதும் மரக்கால்களில் ஓடும் கம்பியில் மின்னல் இறங்கினால், அது நிலத்துக்குள் போக வழியின்றி நெடுந்தூரம் கம்பியோடு ஓடி, வேலியோரம் ஒதுங்கி நிற்கும் கால்நடைகளைக் கொன்றுவிடக் கூடும். இடையிடையே ஓர் இரும்புக்காலை நட்டு, எல்லாக் கம்பிகளும் அதனைத் தொடுமாறு கட்டிவைப்பது அந்தச் சக்தியைப் பூமிக்குள் இறக்கிவிடும் உபாயம். மரமும் இரும்பும் ஒரே வேலியில் கலந்து நிற்பதைப் பணமில்லாக் குறையென்று நினைக்க வேண்டுவதில்லை.

எங்கள் கீழ்வரப்பு வேலியை அந்த வயோதிகர் மறுபடி அடைத்தபோது நான் உடனிருந்து பார்த்தேன். விழுந்து கிடந்த தென்னோலையிலிருந்து ஈர்க்கு ஒன்றைக் கிழித்தெடுத்துத் துண்டாக ஒடித்து, கம்பிக்கும் யூ ஆணியின் வளைவுக்கும் இடையே அதனைச் செருகினார். ஆணியைச் சற்றே சாய்த்து, ஈர்க்கு அசையாமல் பிடிபடும்வரை அறைந்தார். பின்னர் ஈர்க்கை இரண்டு விரலால் உருவியெடுத்துக் காதில் செருகிக்கொண்டார். ஆணிக்கும் கம்பிக்கும் நடுவே ஓர் ஈர்க்கின் கனம் எஞ்சியது. ஐந்தாவது கால் முடிந்ததும் என்னை முதற்காலண்டை போய்க் கம்பியைச் சுண்டச் சொன்னார். நான் சுண்டினேன், ஐந்தாவது காலுக்கு அப்பால் கம்பியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றவர், அதிர்வு தம் விரலை எட்டியதும் தலையை அசைத்துவிட்டு, காதிலிருந்த ஈர்க்கை எடுத்துக்கொண்டு ஆறாவது காலுக்கு நகர்ந்தார்.